லஞ்சம் கொடுத்தவரும் புகார் சொல்லலாம்: ஏழு நாள் கெடு!

பட்டா மாறுதலுக்கு வேறு வழியின்றிப் பணம் கொடுத்துவிட்டு, 'வெளியே சொன்னால் நம்மையும் பிடிப்பார்களே' என்று வாய் திறக்காத மானாவாரி விவசாயிகள் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் உண்டு. அந்த அச்சம் வீணானதல்ல. லஞ்சம் கொடுத்ததாக விசாரணையில் சொன்னவரை, ஊழல் தடுப்புச் சட்டத்தின் 24-வது பிரிவு வழக்கிலிருந்து காத்து வந்தது. 2018 திருத்தத்தில் அது போய்விட்டது. இப்போது கொடுப்பதும் குற்றம். 7 ஆண்டு வரை சிறை.

ஆனால், கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் போலீஸிலோ லஞ்ச ஒழிப்புத் துறையிலோ புகார் செய்தால் 8-வது பிரிவு அவரைக் காக்கும். விருதுநகரிலேயே அத்துறை அலுவலகம் இருக்கிறது. கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. ரசாயனம் தடவிய நோட்டோடு அவர்களே பொறி வைப்பார்கள். மக்காச்சோளம் அறுத்துவிட்டுப் பார்க்கலாம் என்றிருந்தால் கெடு கடந்துவிடும். புகார் நகலில் தேதி போட்டுக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.