விலைக்குப் பதில் தந்தி!

கத்தரிக்காய் விலை ஏறுகிறது. என்ன அர்த்தம்? சரக்குக் குறைவு, வாங்குகிறவர்கள் அதிகம் என்று அர்த்தம். சந்தையில் விலைதான் சேதி சொல்லும் தூதன். ஆனால் அவன் காசு உள்ளவர் பேச்சைத்தான் கேட்பான். ஏழையின் பசி அவன் காதில் விழாது.

இந்த வேலையை விலைக்குப் பதிலாகத் தந்தியிடம் கொடுத்தால் என்ன? தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாடு அதைச் செய்து பார்த்தது.

1970-ல் அங்கே சல்வடார் அலண்டே ஜனாதிபதி ஆனார். அவர் சோஷலிஸ்டு. செம்புச் சுரங்கங்களையும் பல ஆலைகளையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எந்த ஆலையில் என்ன குறை என்று எப்படி அறிவது? பெர்னாண்டோ புளோரஸ் என்ற இளம் என்ஜினீயர், 1971-ல் இங்கிலாந்திலிருந்து ஸ்டாபோர்டு பீர் என்ற நிர்வாக நிபுணரை வரவழைத்தார்.

ஒரே கம்ப்யூட்டர்

பீருக்குக் கிடைத்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். கூடவே, முந்திய அரசாங்கம் வாங்கிக் கிடங்கில் போட்டிருந்த டெலக்ஸ் எந்திரங்கள். இங்கே தட்டினால், தூரத்து ஊரில் எழுத்தாக விழும் தந்தி எந்திரம் அது.

உற்பத்தி எவ்வளவு, வேலைக்கு வராதவர் எத்தனை பேர் என்று ஆலைகள் தலைநகரம் சாண்டியாகோவுக்குக் கணக்கு அனுப்பும். வழக்கத்துக்கு மாறானதை மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கி எடுக்கும். எச்சரிக்கை முதலில் அந்த ஆலைக்கே போகும். அங்கே சரிசெய்யாவிட்டால்தான் மேலிடத்துக்கு!

மேலிடத்தார் உட்கார ஓர் அறுகோண அறை. ஏழு சுழல் நாற்காலிகள். கைப்பிடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் சுவரில் படம் வரும். மேஜையே கிடையாது. சாம்பல் கிண்ணத்தை மட்டும் மறக்கவில்லை!

லாரிகள் நின்றன

1972 அக்டோபரில் லாரி முதலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல கடைகளும் மூடின. உணவு எப்படி வரும்?

அறை அப்போது முடியவில்லை. டெலக்ஸ்தான் கைகொடுத்தது. எங்கே லாரி இருக்கிறது, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று இரவு பகலாகச் சேதி பறந்தது. கையில் இருந்த சொற்ப லாரிகளை வைத்தே சாமான்கள் போய்ச் சேர்ந்தன. ஆனாலும், ராணுவத் தளபதியை மந்திரி ஆக்கிய பிறகுதான் வேலைநிறுத்தம் முடிந்தது.

குறைகளும் உண்டு. கணக்கு பல நாள் தாமதமாக வந்தது. தொழிலாளியைக் கலந்து செய்யவேண்டும் என்றார் பீர். ஆலைக்குப் போனவர்களோ பெரும்பாலும் அங்குள்ள என்ஜினீயர்களிடமே பேசினார்கள். கடைகளில் கியூ நீண்டது. கள்ளச்சந்தை பெருகியது. அதற்கு டெலக்ஸில் மருந்து இல்லை.

1973 செப்டம்பர் 11. ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அரண்மனையிலேயே அலண்டே இறந்தார். புளோரஸ் மூன்று ஆண்டுகள் சிறையில் கிடந்தார். பீர் அன்று லண்டனில் இருந்ததால் தப்பினார்.

நாட்டை நடத்தக் கட்டிய அறை, ஒரு நாள்கூட முழுதாக வேலைசெய்யவில்லை. அதையும் ராணுவத்தார் கலைத்துவிட்டார்கள்.