உத்தியோகந் தேடுவோர் கூட்டுறவு

கலாசாலைப் படிப்பு முடியுங் காலத்தில் மாணவர் உள்ளத்தைப் பரீட்சையினும் மிகுதியாக வாட்டுவது, இனி யாது செய்வோம் என்னுங் கவலையே. அக்கவலையுடையார் இளைஞர் மட்டுமல்லர். பத்துப் பதினைந்து ஆண்டு ஊழியஞ் செய்து, கம்பெனியார் ஆட்குறைப்புச் செய்தமையால் வெளிவந்து, உற்றார் முகத்தில் விழிக்கக் கூசி நிற்கும் பழைய மாணவரும் பலர் உளர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் அறியாது, ஒரே வாயிலில் தனித்தனியே காத்து நிற்கின்றனர். இவர்கள் ஒன்று கூடின் விளையும் பயன் யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

வேலை பற்றிய செய்தி யார் வாயிலாக வருகின்றது என்பதை முதற்கண் நோக்குவோம். மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்க சமூகவியல் அறிஞர், மாசச்சூசெட்ஸ் மாகாணத்து நியூட்டன் நகரில் வேலை மாறிய உத்தியோகஸ்தரை விசாரித்து, 1973இல் ஒரு கட்டுரையும் 1974இல் ஒரு நூலும் வெளியிட்டார். அறிந்தோர் மூலம் வேலை பெற்றவரிடம், செய்தி தந்தவரை அக்காலத்தில் எத்துணை முறை சந்தித்து வந்தீர் என வினவினார். அடிக்கடி என்றவர் நூற்றுக்கு 16.7, எப்போதாவது என்றவர் 55.6, மிக அரிதாக என்றவர் 27.8. இது வியப்பன்று. நம் நெருங்கிய நண்பர் அறிந்தவற்றை நாமும் முன்னரே அறிந்திருப்போம். தூரத்து அறிமுகமுடையாரோ வேறொரு வட்டத்திற் பழகுகின்றவராதலின், நம் செவிக்கு எட்டாத செய்தி அவர் செவிக்கு எட்டும். லிங்க்டு இன் உறுப்பினர் சுமார் 2 கோடிப் பேரைக் கொண்டு நிகழ்ந்து, 2022இல் வெளியிடப்பெற்ற பரிசோதனையின் முடிவும் ஏறக்குறைய இதுவே. ஆயினும் அறிமுகம் மிக மெலிந்து போயின் பயனுங் குறைகிறது என்பதும் அதனால் விளங்கிற்று. நம் கலாசாலையிற் பத்தாண்டு முன் பயின்றவர், இன்று பயிலும் மாணவனுக்கு அந்நியருமல்லர், நண்பருமல்லர். வேண்டப்படும் அளவான உறவு அதுவே.

நிற்க. கூட்டாக வேலை தேடுதலுக்குச் சிறந்த உதாரணம் இல்லினாய் மாகாணத்துக் கார்பண்டேல் நகரில் நிகழ்ந்தது. நேதன் அஸ்ரின் என்னும் மனோதத்துவ அறிஞரும் அவர் துணைவரும் அங்கே வேலை தேடுவோர் சங்கம் ஒன்றை அமைத்து, அதன் பலனை 1975இல் வெளியிட்டனர். அங்கத்தினர் கூட்டமாகக் கூடுவர். இருவர் இருவராக இணைந்து ஒருவர்க்கொருவர் துணையாவர். தகுதிப் பத்திரம் எழுதுதல், தொலைபேசியிற் பேசுதல், நேர்முகப் பேட்டியை நடித்துப் பார்த்தல் முதலியவற்றைப் பழகுவர். தமக்குத் தெரிந்த காலியிடங்களை மறைக்காது பிறர்க்குச் சொல்லுவர். சங்கத்திற் சேர்ந்தோரில் நூற்றுக்கு 90 பேர் இரண்டு மாதத்துக்குள் வேலை பெற்றனர். சேராதாருள் 55 பேரே பெற்றனர்.

காலியிடத்தைப் போட்டியாளனுக்குச் சொல்லுவது பேதைமையன்றோ எனச் சிலர் வினவலாம். புதிதாய்ப் பட்டம் பெற்றவனும் பதினைந்தாண்டு அநுபவமுடையவரும் ஒரே நாற்காலிக்குப் போட்டியிடுவது அரிது. ஒருவர்க்கு உதவாத செய்தி மற்றவர்க்கு உதவுவதே பெரும்பான்மை. ஆதலின் ஒத்த வயதினர் மட்டுங் கூடுவதினும், இவ்விரு சாராரையுங் கலந்து இணைப்பதே நன்றென்பது நமது துணிபு. மூத்தவர், சம்பளம் பற்றிப் பேசும் முறையையும், விளம்பரத்தில் எழுதாத நிபந்தனைகளையும் அறிவார். இளையவனோ, இக்காலத்துக் கணினி வழி விண்ணப்பங்களிலும் இணையவழிப் பேட்டிகளிலும் தேர்ச்சியுடையவனாய், அவற்றைக் கண்டு மருளும் மூத்தவர்க்கு ஒரு மாலைப்பொழுதிற் கற்பித்து விடுவான். இதனினும் பெரிது ஒன்றுண்டு: நாடோறும் ஒருவன் தன்னை எதிர்பார்த்திருக்கிறான் என்பதனால், வேலையிழந்தவர் காலையில் எழுந்து முகச்சவரஞ் செய்து புறப்படுகின்றார்.

இதில் ஓர் அபாயமும் உண்டு. கைவான் முன்ஷி, மார்க் ரோசன்சுவைக் என்னும் பொருளாதார அறிஞர் இருவர், மும்பையின் தாதர்ப் பகுதியை ஆராய்ந்து 2006இல் எழுதியதை நோக்குக. அங்கே தொழிலாளர் குடும்பத்து ஆண்மக்களுக்குச் சாதியார் தொடர்பு பழைய தொழில்களில் எளிதாக இடம் வாங்கித் தந்தது. அதனாலேயே அவர்கள் ஆங்கிலப் பள்ளியை நாடாது பின்தங்கினர். அத்தொடர்பின் உதவி இல்லாத பெண்மக்களோ ஆங்கிலக் கல்வியை விரைந்து நாடினர். தம்மவர் என்னும் வட்டத்துள் அடங்கிய உதவி, சில வேளை வேலியாகவும் ஆகின்றது. மேலும், குடும்பத்தில் முதன்முதற் பட்டம் பெறும் மாணவனுக்கு அவ்வட்டமுங் கிடையாது. அவனுக்கு மாமனுமில்லை, மாமனுக்குத் தெரிந்த மானேஜருமில்லை. பழைய மாணவர் துணை யாரினும் மிகுதியாக அவனுக்கே வேண்டற்பாலது. கேட்கக் கூசுபவனும் அவனே.

அவன் கேட்க வேண்டுவது வேலையன்று. 'ஐயா, ஒரு வேலை வாங்கித் தாருங்கள்' என்ற மாத்திரத்தில் எதிரிலிருப்பவர் மனம் பின்வாங்குகிறது. ஏனெனில் அவர் கையில் வேலை இல்லை, அவரும் தேடுபவராய் இருத்தல் கூடும். 'தங்கள் தொழிலில் ஒரு நாள் எவ்வாறு கழிகிறது? நான் இன்னும் என்ன கற்க வேண்டும்? வேறு யாரைக் காணலாம்?' என வினவினால் எவரும் அரைமணி நேரம் மகிழ்ந்து பேசுவர். மூன்றாம் வினாவைக் கேளாது வருபவன் பாதி வழியில் திரும்பினவனே.

செய்தி பயன்பட்டதோ இல்லையோ, தந்தவர்க்கு முடிவை இரண்டு வரியில் எழுதியனுப்புக. இதனை மறப்பவர் மிகப் பலர்; அவருள்ளும், வேலை கிடைத்த களிப்பில் மறப்பவரே அதிகம்.