கறுப்புப் பட்டை போட்ட துரை வீடு

கேமரன் மலைக்குப் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்: தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் போகும் வழியில், கோல்ஃப் திடலை ஒட்டி நிற்கும் ஸ்மோக்ஹவுஸ் விடுதியின் வெள்ளைச் சுவரில் கறுப்புக் கறுப்பாக மரப்பட்டைகள் ஓடுகின்றனவே, அவை அழகுக்கா, பலத்துக்கா?

இங்கே அழகுக்கு. அவை பிறந்த ஊரில் பலத்துக்கு.

கீழ்நாட்டு வெக்கையிலிருந்து தப்பித்து மலையேறிய துரைமார்களுக்காக 1937இல் எழுந்த விடுதி இது. தாழ்ந்த கூரை, தலைக்கு மேல் கருத்த உத்திரங்கள், விறகு எரியும் கணப்பு, மூலையில் மதுக்கூடம் என்று எல்லாமே இங்கிலாந்துக் கிராமத்து 'பப்' சாயலில் அமைந்தவை. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கணப்பு வெறும் அலங்காரம் அல்ல. இரவுக் குளிருக்கு அது வேண்டித்தான் இருக்கிறது.

பட்டைகளின் கதை 15, 16ஆம் நூற்றாண்டுகளுக்குப் போகிறது. அக்காலத்து இங்கிலாந்துத் தச்சர்கள் ஓக் மரத்தைக் காயவிடாமல் பச்சையாகவே இழைத்தார்கள். தச்சுப்பட்டறையில் தூணையும் உத்திரத்தையும் தரையில் கிடத்தி, துளையில் கழுந்தைச் செருகிப் பொருத்திப் பார்ப்பார்கள். எது எதனோடு சேரும் என்பதற்கு ஒவ்வொரு மூட்டிலும் ரோமன் எண்களைச் செதுக்குவார்கள். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, வண்டியில் ஏற்றி, மனையில் மறுபடி பூட்டி மர ஆணி அடிப்பார்கள். சட்டங்களுக்கு இடையில் குச்சித் தட்டி பின்னி, சாணியும் வைக்கோலும் கலந்த களிமண்ணை அப்புவார்கள். நம் பாட்டன்மார் மூங்கில் தட்டியில் மண்சுவர் எழுப்பியது போலத்தான். வீடு எழுந்த பிறகு ஓக் மெல்லக் காய்ந்து, சுருங்கி, முறுக்கிக்கொள்ளும். அந்தப் பழைய வீடுகள் கோணல்மாணலாக நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதில் வேடிக்கை, அந்தக் கறுப்பு நிறம்தான். டூடர் மன்னர்கள் ஆண்ட காலத்தில் பெரும்பாலான ஓக் சட்டங்களுக்கு யாரும் கறுப்பு அடிக்கவில்லை. வெயிலும் மழையும் பட்டு அவை சாம்பல் வெள்ளியாக வெளுத்துக் கிடந்தன. தார் பூசிக் கறுப்பாக்கியது பெரிதும் 19ஆம் நூற்றாண்டு ரசனை. 'பழமை' என்று நாம் படமெடுக்கும் அந்த நிறத்துக்கு விக்டோரியா மகாராணி காலத்து வயதுதான்.

1666இல் லண்டன் தீக்கிரையானதும், அந்நகரில் இனிச் செங்கல்லிலோ கருங்கல்லிலோதான் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. மரச்சட்ட வீடு பழங்கதையானது. இரண்டு நூற்றாண்டு கழித்து ஏக்கம் திரும்பியது. 1924இல் லண்டனின் லிபர்ட்டி அங்காடி, உடைத்த இரண்டு போர்க்கப்பல்களின் மரத்தைக் கொண்டே டூடர் வேடம் கட்டிக்கொண்டது. மோட்டார் கார்கள் பெருகிய அந்த ஆண்டுகளில், பப் என்றாலே குடிகாரர் கூடாரம் என்ற பெயரை மாற்ற நினைத்த மது ஆலைகள், குடும்பத்தோடு வரத்தக்க டூடர் பாணிச் சாலையோர விடுதிகளைக் கட்டின. அந்த மோகம்தான் பகாங்கிலுள்ள கேமரன் மலைக்கும் வந்தது. இத்தகைய வீடுகளில் பாரம் தாங்குவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் செங்கல்லே. பட்டை மேலே அறைந்தது.

அதனால் ஸ்மோக்ஹவுஸைப் போலி என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அது தன் காலத்துக்கு நேர்மையான நகல். இப்போது எழும் அடுக்குமாடிகளும் ஹோட்டல்களும் அந்த நகலை நகலெடுத்துக் காங்கிரீட்டில் பட்டை வரைகின்றன. மலையின் முகமே அதுதான் என்று ஆகிவிட்டது.

அதே காலத்தில் அதே மலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக எழுந்த லயத்து வீடுகளை யாரும் நகலெடுப்பதில்லை. இடிக்கும்போது படம் பிடிப்பவர்களும் அரிது. துரை வீட்டுக் கணப்புக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்வாசி, கொழுந்து பறித்தவர்கள் சமைத்த அடுப்படிக்குக் கிடைக்கக் கூடாதா? கட்டடக்கலை மாணவர்கள் இரண்டு பேர் அளவு நாடாவோடு ஒரு விடுமுறைக்கு வந்தால் போதும். எஞ்சியிருக்கும் லயங்களின் தூணையும் திண்ணையையும் கூரையையும் அளந்து, வரைபடமாக்கி ஒரு நூலகத்தில் சேர்த்துவிடலாம்.