குண்டு பெரிதா? குறி பெரிதா?

"32 எண் ரிவால்வரா? கொசுக்கடி! 45 இருந்தால் ஒரே குண்டு, ஆள் காலி!" கடலூர் சிப்காட் வாயிற்காவலர்களிடையே இரவு முறை தொடங்குமுன் இப்படியொரு வழக்கு எழுந்தால் வியப்பில்லை.

ஆள் காலியாம்! அவ்வளவு எளிதா, தோழரே?

1967 ஜனவரி 12. இராமாவரம் தோட்டத்திலே, கைக்கெட்டும் தூரத்திலே வெடித்தது துப்பாக்கி. எம்.ஜி.ஆர். கழுத்திலே குண்டு, எம்.ஆர்.ராதா உடலிலும் குண்டு. மாண்டவர் யார்? எவருமில்லை! குரல் கெட்டது முன்னவருக்கு. ஆனால் மருத்துவமனையிலே இருந்தபடியே பரங்கிமலையில் வென்றார். 1987 வரை வாழ்ந்தார். சிறை சென்று மீண்ட பின்னவர் 1979 வரை இருந்தார். மூளையோ முதுகுத்தண்டோ தப்பினால், பட்டவன் உடனே விழவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதயமே கிழிந்தாலும் சில நொடிகள் கை ஓங்கும் வலு இருக்கும்.

அமெரிக்கன் இதற்காக ஆடாத ஆட்டமில்லை. பிலிப்பைன்சில் மோரோ வீரர்கள் 38-க்கு விழவில்லை என்று, 1904-இல் மாடுகளையும் பிணங்களையும் சுட்டுப் பார்த்தான். 1911-இல் 45-ஐத் தூக்கினான். 1986-இல் மயாமி நகரிலே, 9 மில்லி மீட்டர் குண்டு கொள்ளையனின் இதயத்தை எட்டாமல் நின்றது, எப்.பி.ஐ. காவலர் இருவர் மாண்டனர். உடனே பெரிய தோட்டாவுக்குத் தாவினர். கண்டது என்ன? கை உதறியது, குறி தவறியது. 2014-இல் 9 மில்லி மீட்டரே போதும் என்று அதே துறை எழுதிற்று! 32-க்கும் 45-க்கும் உள்ள வேறுபாடு, நெல்மணியின் அகலத்துக்குச் சற்று மேல். அதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? ஆழம் வேண்டும், மறுக்கவில்லை. 32-க்கு அது குறைவுதான். ஆனால் தவறிய 45-க்கு ஆழமேது?

நம் நாட்டிலே தேர்வும் நம் கையில் இல்லை. படையினரின் 9 மில்லி மீட்டர், 38, 455 தோட்டா ஏறும் கைத்துப்பாக்கிகளைத் தடைப்பட்டியலில் வைத்தன 1962-ஆம் ஆண்டு விதிகள். எளியவனுக்கு மிஞ்சியது 32. பெண்களுக்கென்று 2014-இல் கான்பூரில் செய்த 'நிர்பீக்' அந்த அளவுதான். விலையோ இலட்சத்துக்கு மேல்!

ஆகவே அளவைக் கேட்காதீர். துப்பாக்கியோடு வாயிலிலே நிற்கும் காவலரைக் கேளுங்கள், கடந்த ஓராண்டில் பயிற்சிக்கென்று எத்தனை தோட்டா கொடுத்தார் முதலாளி என்று.