வெக்டரின் உறுப்புக்களை மாற்றுதல்

கணிப்பொறிக்குக் கட்டளை எழுதப் பயிலும் மாணவர் பலர், ஒரு வரிசையிலுள்ள எண்களை மாற்றிவிட்டதாக எண்ணி, முடிவிற் பழைய எண்களே நிற்கக்கண்டு திகைப்பர். அதன் காரணத்தை ஈண்டுச் சுருங்க விளக்கப் புகுகின்றோம்.

சி பிளஸ் பிளஸ் மொழியில் வெக்டர் என்பது, உறுப்புக்கள் பெருகுந்தோறும் தானும் விரியவல்ல வரிசையாம். 1998-ஆம் ஆண்டில் அம்மொழிக்கு ஏற்பட்ட முதற் சர்வதேச நியமத்திலேயே இஃது இடம்பெற்றது. இதன் உறுப்புக்கள் நினைவகத்தில் அடுத்தடுத்து அமைந்திருக்கும். எண்ணிக்கை சுழியினின்று தொடங்குதலின், ஐந்து உறுப்புக்களுள் இறுதியானதன் எண் 4 ஆகும். சதுர அடைப்புக்குள் 5 என்று எழுதின், இல்லாத உறுப்பைத் தொட்டவராவோம். அடைப்புக்குறி இப்பிழையைக் கட்டாயம் சோதிக்கும் என்பதில்லை. 'அட்' என்னும் செயல்முறையோ சோதித்து அறிவிக்கும்.

இனி எல்லா உறுப்புக்களையும் மாற்றும் வகையை நோக்குவோம். மாணவர் ஐவரின் மார்க்குகள் 42, 55, 61, 38, 70 என்க. தேர்ச்சிக்கு 40 வேண்டும். வினாவொன்று பிழைபட்டமையால் ஒவ்வொருவருக்கும் 5 மார்க்குக் கூட்டவேண்டும். 2011-ஆம் ஆண்டு நியமம் தந்த எளிய சுழற்கட்டளையில், உறுப்பை வாளா ஏற்பின் நம் கைக்கு வருவது நகலே. நகலில் 38 என்பது 43 ஆகும். மூலத்திலோ 38 ஆகவே நிற்கும். தேறவேண்டிய மாணவன் தவறியவனாவான். கணிப்பொறியோ ஒரு பிழையுங் கூறாது. வகைப்பெயரை அடுத்து ஆம்பர்சாண்டு என்னும் குறியை இடின், நாம் வைத்த பெயர் மூலத்தையே சுட்டும், மாற்றமும் நிலைபெறும்.

நிற்க, மற்றோர் இடரும் உளது. ஒதுக்கிய இடம் நிரம்பியபின் புதிய உறுப்பொன்றைச் சேர்ப்பின், வெக்டர் வேறொரு பெரிய இடத்திற் குடியேறும். முன்னர் நாம் குறித்துவைத்த விலாசம் அப்பொழுதே பயனற்றதாகும். அதன் வழியே எழுதுதல், குடியிருந்தோர் நீங்கிய வீட்டிற்குக் கடிதம் விடுத்தல் போலாம். சோதனையிற் சில வேளை சரியாகத் தோன்றிப் பின்னர்க் கெடுதலின், இப்பிழை மிகக் கொடிது. ஆதலின் சேர்க்கவேண்டியவற்றை முதலிற் சேர்த்து முடித்தல் நன்று. அன்றேல், வேண்டும் இடத்தை 'ரிசர்வ்' என்னும் செயல்முறையால் முன்னரே ஒதுக்கிக்கொள்ளுதல் வேண்டும்.

கையிலுள்ளது மூலமோ நகலோ, குறித்த விலாசம் இன்னும் மெய்யோ என்னும் இரண்டையும் வினவியறிந்த பின்னரே நாம் மாற்றத் துணிதல் வேண்டும்.