பாட்டுக்கு ஒரு தெரு வேண்டும்!

மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூர்ச் சபாக்களிலே விளக்கு எரியும். பட்டும் பகட்டும் முன்வரிசையிலே அமரும். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதும். எழுதட்டும், நமக்கு வருத்தமில்லை. ஆனால், "ராயபுரத்திலே என்ன கலை இருக்கிறது? காசிமேட்டிலே மீன் இருக்கிறது, எண்ணூரிலே புகை இருக்கிறது, அவ்வளவுதானே!" என்று கேலி பேசும் கனவான்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாமா, தோழர்களே?

சாவு வீடு. இரவு நீள்கிறது. பந்தலுக்கடியிலே உறவினரும் அண்டை வீட்டாரும் கண்விழித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் பாடத் தொடங்குகிறார். மேசையே மேளம், தகர டப்பாவே தாளம்! இறந்தவர் என்ன வேலை செய்தார், யாருக்கு உதவினார், யாரிடம் ஏமாந்தார், அத்தனையும் அங்கேயே பாட்டாகிறது. அதுதான் கானா. பாடுகிறவர் பகலிலே மூட்டை தூக்கியவராக இருப்பார், வண்டி இழுத்தவராக இருப்பார். அவருக்குப் பாட்டு வாத்தியார் கிடையாது. தெருவே பள்ளிக்கூடம், தெருவே மேடை, தெருவே நீதிபதி! பாட்டிலே பொய் கலந்தால், இறந்தவரை அறிந்த பக்கத்து வீட்டுக்காரர் அங்கேயே மறுத்துவிடுவார். இப்படியொரு பரீட்சை எந்தச் சபாவிலே உண்டு?

அந்தப் பாட்டின் மொழியைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். நாஷ்டாவும் பேஜாரும் உருதிலிருந்து வந்தன, டப்பு தெலுங்கிலிருந்து வந்தது. பல ஊர்க்காரர் தோளோடு தோள் நின்று சுமை இறக்கிய துறைமுகத்திலே, மொழியும் தோளோடு தோள் நின்றது. இதிலே வெட்கப்பட என்ன இருக்கிறது?

1990-களில் இசையமைப்பாளர் தேவா இந்தக் கானாவைத் திரைக்குக் கொண்டுபோனார், நாடே கேட்டது. பிறகு ராயபுரத்து இசைவாணி வந்தார். பெரும்பாலும் ஆண்களின் குரலிலேயே ஒலித்துவந்த கானாவை ஒரு பெண் பாடினார்! இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில் உருவான 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு 2018 ஜனவரியில் சென்னையிலே மேடை ஏறியது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து பெயர் பெற்ற குழு அது. அதிலே இசைவாணியும் பாடினார். 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. மேடை பெரிதாயிற்று, பாட்டு பிறந்ததென்னவோ தெருவிலேதான்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, ஏழைகளும் கறுப்பின மக்களும் வாழ்ந்த பகுதி. 1973 ஆகஸ்ட் 11 அன்று, அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையிலே தங்கை நடத்திய விருந்துக்காக, ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்ற இளைஞர் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். அந்த நாளையே ஹிப் ஹாப் இசையின் பிறந்தநாள் என்று உலகம் கொண்டாடுகிறது. அரண்மனை தேவைப்படவில்லை, ஒரு பொது அறை போதுமானதாயிற்று!

ஆனால், அந்த அறையும் தெருவும் பறிபோனால்?

துறைமுகம் கட்டப்பட்ட பிறகு, கடல் வடக்கே கொண்டுபோகும் மணல் தடைப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை அரித்தது. அங்கே காற்று வாங்க மணல் பரப்பு, இங்கே வீட்டு வாசலிலே அலையும் கருங்கல் குவியலும்! கடல் விட்டுவைத்ததையாவது அரசு விட்டுவைக்கிறதா? நகரின் ஆற்றங்கரைகளில் வாழ்ந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்த்துக் கொண்டுபோய் இறக்கினார்கள். கூரை கொடுத்தோம் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் வேலை ஒரு கோடியிலே, வீடு மறு கோடியிலே. எதிர்வீடு ஒரு மாடியிலே, பக்கத்து வீடு வேறு கட்டடத்திலே. தெருவைக் கலைத்தால் பாடுகிறவரையும் கேட்கிறவரையும் பிரிக்கிறோம் என்பதை எந்தக் கோப்பிலாவது எழுதினார்களா?

ஆள்வோரைக் கேட்டோம். நம்மையும் கேட்டுக்கொள்வோம், தோழர்களே. ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு படிப்பகம் இருந்தது. ஒருவர் உரக்கப் பத்திரிகை படிப்பார், எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றியிருந்து கேட்பார்கள். மாலையிலே அங்கேயே நாடக ஒத்திகை நடக்கும். பேச்சாளனும் நடிகனும் கவிஞனும் அந்தப் பெஞ்சியிலிருந்து எழுந்து வந்தார்கள். இன்று எத்தனை மன்றங்கள் தேர்தலுக்கு மட்டும் திறக்கின்றன? தலைவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, கதவுக்குப் பூட்டுப் போடுவதா தொண்டு?

பூட்டைத் திறவுங்கள். ஒரு விளக்கும் ஒரு பெஞ்சியும் போதும். ஆலையிலிருந்து திரும்பும் அண்ணனும், வலை பின்னி முடித்த அக்காளும், பரீட்சைக்குப் படிக்கும் தம்பியும் உள்ளே வரட்டும். பாடுகிறவனைப் பாடவிடுங்கள், பாட வரும் பெண்ணுக்கு முதலிடம் கொடுங்கள். தெருவைப் பெயர்க்க வருகிறார்கள் என்றால், அந்த மன்றத்து வாசலிலேயே ஒன்றுகூடித் தடுத்து நில்லுங்கள்.

கலையை வளர்க்க நாம் கோட்டை கட்ட வேண்டியதில்லை. தெருவைக் காத்தால் போதும், பாட்டு தானே வரும்!