கொடைக்கானல் வீட்டுக் கணப்படுப்பு: சரி பண்ணுவதா, மாற்றுவதா?

"மலை எனக்கு ஒத்துக்கலைடா. காலையில எழுந்தா மண்டையைப் பிளக்குது. வத்தலக்குண்டுக்கு இறங்கினா பாரு, பொட்டுனு நின்னுடுது!"

மூன்று வருடமாக என் பெரியம்மா பாடிக்கொண்டிருந்த பாட்டு இது. கொடைக்கானல் நாயுடுபுரம் பக்கம் தகரக் கூரையும் பலகை மச்சும் போட்ட பழைய வீடு அவருடையது. பிளட் பிரஷர் பார்த்தாயிற்று, கண்ணாடி மாற்றியாயிற்று, தலைவலி மாத்திரையும் அட்டை அட்டையாகத் தீர்ந்தாயிற்று. கூடத்து மூலையில் நின்ற இரும்புக் கணப்படுப்பை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. பெரியப்பாவின் அப்பா ஒரு பங்களாவைக் காலி செய்தபோது வாங்கிப் போட்டது அது. நான்கு பேர் சேர்ந்தால்தான் நகரும்!

சென்ற வருடம் அதன் கதவு சரியாக மூடாமல் போகவே வீட்டில் பட்டிமன்றம். "பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்றார் அண்ணன். "வெல்டிங் வெச்சா இன்னும் இருபது வருஷம் ஓடும்" என்றார் பெரியம்மா. இரண்டு பேருமே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. அடுப்பில் உண்டாகும் காற்று முழுக்க வீட்டுக்கு வெளியே போகிறதா?

மலையில் வீடு வைத்திருப்பவர்களும், டிசம்பர் விடுமுறைக்குப் போய்த் தங்குபவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

விறகோ கரியோ போதிய காற்று இல்லாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கண்ணும் எரியாது. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆக்ஸிஜன் ஏற வந்தால் ஸீட் இல்லை! முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி. ஃப்ளூ ஜுரம் மாதிரியே இருக்கும், ஆனால் ஜுரம் அடிக்காது. தூக்கத்தில் இருந்தால் இந்த எச்சரிக்கைகூடத் தெரியாது. அப்படியே மயக்கம், அப்புறம் மரணம். கர்ப்பிணிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம், வயிற்றில் இருக்கும் குழந்தையின் ரத்தம் இந்த வாயுவை மேலும் இறுகப் பற்றிக்கொள்ளும்.

கொடைக்கானல் ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரம். அங்கே நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைச்சல். அதில் இதுவும் சேர்ந்தால்?

2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த இரண்டு இளைஞர்கள், இறைச்சி வாட்டிய பார்பிக்யூ கரி அடுப்பைக் குளிருக்காக அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினார்கள். காலையில் எழவில்லை. "கங்குதானே, புகையே வரலையே" என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். புகையில்லாத செக்கச்சிவந்த கரிக்கங்குதான் இந்த வாயுவைத் தாராளமாகக் கக்கும். கும்மட்டி அடுப்பு, இரும்புச் சட்டியில் தணல், பார்பிக்யூ எதுவானாலும் படுக்கையறைக்குள் கூடவே கூடாது. ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தால் போதும் என்பதும் தப்பு. இவற்றில் 'சரி பண்ணுவதா, மாற்றுவதா' என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொரு விஷயம். கொரோனா காலத்தில் வாங்கிய விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் உங்கள் வீட்டில் இருக்கும். இந்த விஷத்தில் அதை நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்ஸிஜன் ஏறிய ரத்தத்தையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் '98' என்று காட்டலாம். அதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை இருக்கிறது. "ராத்திரி அறையில் கணப்பு எரிந்தது" என்று நீங்கள் வாயைத் திறந்து சொன்னால்தான் டாக்டருக்கு அது தோன்றும்.

சரி, புகைபோக்கி வைத்த அடுப்புக்கு வருவோம். அது முறையாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியதிலிருந்து அந்த ஊரில் கணப்பு எரிகிறது. (மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் சாமான்கள் ஆள் தலையிலும் தோளிலும்தான் மலையேறின. மண் வீடோ மாளிகையோ, குளிர் எல்லோருக்கும் ஒன்றுதானே!)

அடுப்பு நன்றாக ஆறியிருக்கும் ஒரு ராத்திரியில் சாம்பலை அள்ளிவிட்டு, எரிகிற டார்ச் லைட்டை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துங்கள். கூடத்து விளக்கை அணைத்துவிட்டுச் சுற்றி வந்து பாருங்கள். கதவு ஓரத்தில் வெளிச்சம் கசிந்தால் கதவைச் சுற்றியுள்ள அடைப்புக் கயிறு தேய்ந்துவிட்டது. தகடுகள் சேரும் இடத்தில் கசிந்தால் பூச்சு உதிர்ந்திருக்கிறது. தகட்டின் நடுவிலேயே கோடாக வெளிச்சம் வந்தால்தான் கவலை. அது விரிசல்!

கதவு இடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்தும் பார்க்கலாம். வழுக்கிக்கொண்டு வந்தால் கயிறு போயிற்று என்று அர்த்தம். பிறகு, மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பீர்களே, அதேபோல் அடுப்பைத் தட்டுங்கள். நல்ல வார்ப்பிரும்பு 'ணங்' என்னும். விரிசல் விட்டது 'டொக்' என்னும்.

கயிறு, சாம்பல் கம்பி, உள்ளே பதித்த சூளைக்கல் எல்லாம் தேய்வதற்காகவே உள்ள பாகங்கள். அவற்றை மாற்றுங்கள், வீண் செலவு இல்லை. கம்பி கிடைக்காவிட்டால் கோவைப் பக்கத்து வார்ப்படப் பட்டறையில் பழசைக் காட்டி வார்க்கச் சொல்லலாம். இடுக்குகளுக்கு ஃபயர் கிளே பூசினால் போதும், சாதாரண சிமென்ட் சூட்டில் வெடித்துவிடும். ஒரே ஒரு ஜாக்கிரதை. பழைய கயிறு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதை உலர்ந்தபடி சுரண்டாதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு எமன். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, முகத்தில் நல்ல மாஸ்க் போட்டு எடுத்து, பையில் கட்டிவிடுங்கள். புதிதாகப் போடுவது கண்ணாடி இழைக் கயிறாக இருக்கட்டும்.

நெருப்பு எரியும் பெட்டியிலேயே விரிசல் என்றால் வேறு பேச்சில்லை, மாற்றிவிடுங்கள். வார்ப்பிரும்பைப் பற்றவைக்க அதை முன்கூட்டியே சூடாக்க வேண்டும், தனி ராடு வேண்டும், மெதுவாக ஆறவைக்க வேண்டும். சாதாரண வெல்டிங் வைத்தால் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி பிளக்கும். தகட்டு அடுப்பானால் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது. கால் உடைந்தது, மேல் அலங்காரத் தகடு போனது போன்றவற்றுக்காகத் தூக்கிப் போட வேண்டாம்.

எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அடுப்பு எல்லாப் பரீட்சையிலும் பாஸ், கதவுக் கயிறு ஒன்றைத் தவிர! குற்றவாளி மேலே இருந்தது. புகைக் குழாய் பலகை மச்சுக்குள் நுழையும் இடத்தில், யார் கண்ணுக்கும் படாமல், துரு தின்று கட்டை விரல் போகும் அளவு ஓட்டை. அதற்கு மேல் உள்ள வளைவில் கீல் மாதிரிப் புகைக்கரி பாதி வழியை அடைத்திருந்தது. ராத்திரி கங்கு விடியும்வரை தாங்கட்டும் என்று பெரியம்மா காற்றுத் துவாரத்தை முழுசாக மூடிவிட்டுப் படுப்பார். காற்று போதாமல் விஷ வாயு கூடும். சூடு குறைந்து புகைக் குழாயின் இழுப்பும் தளரும். பிறகு அது எங்கே போகும்? படுக்கையறைக்குத்தான்.

அதனால் அடுப்பைப் பற்றி முடிவு எடுக்கும் முன் குழாயைக் கடைசிவரை பாருங்கள், மச்சுக்குள்ளும் ஏறிப் பாருங்கள். குழாய் விஷயத்தில் ஒட்டுப் போடும் வேலையே வேண்டாம், ஓட்டை விழுந்தால் புதுசுதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜி.ஐ. குழாய் மாட்டாதீர்கள், அதன் துத்தநாகப் பூச்சு சூடு தாங்காது. குழாயின் வாய் பக்கத்துக் கூரையைவிடக் குறைந்தது இரண்டடி உயர்ந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று புகையைத் திருப்பி அனுப்பும். விறகும் முக்கியம். பச்சை யூகலிப்டஸையும் சீகையையும் எரித்தால் அந்தக் கீல் சீக்கிரம் படியும், ஒருநாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். பிளந்து, மழை படாமல் மாதக்கணக்கில் காய்ந்த விறகே வேண்டும்.

வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு, மச்சில் ஏறிப் பார்க்க ஆள் இல்லை என்றால் எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டருக்கு மாறிவிடுங்கள். எதுவும் எரிவதில்லை, விஷவாயுவும் இல்லை. பழைய வயரிங் தாங்குமா என்று எலெக்ட்ரீஷியனைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேஸ் ஹீட்டருக்கு இந்தச் சலுகை கிடையாது. மதுரையிலோ சென்னையிலோ காற்றுப் போக்கில்லாத குளியலறையில் கேஸ் கீஸர் வைத்திருக்கிறீர்களா? மேலே சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

யாராவது அசந்து கிடந்தால் கதவு ஜன்னலைத் திறந்து முதலில் ஆளை வெளியே கொண்டுவாருங்கள், 108-ஐ அழையுங்கள். சும்மா வெளிக்காற்றில் ரத்தத்திலுள்ள விஷம் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரமாகும். ஆஸ்பத்திரியில் சுத்த ஆக்ஸிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரம். எழுந்து உட்கார்ந்துவிட்டாரே என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது.

பெரியம்மா வீட்டில் கயிறும் குழாயும் புதுசு. அடுப்பு அதேதான். படுக்கையறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டியிருக்கிறோம் (புகை அலாரம் வேறு, இது வேறு). புரட்டாசியில் குழாயைச் சுரண்ட ஆள் வருகிறார். காலைத் தலைவலி நின்றுவிட்டது. இப்போது அவருடைய ஒரே புகார், பேட்டரி தீரும்போது அந்த அலாரம் அர்த்த ராத்திரியில் கீச்கீச்சென்று கத்துகிறது என்பதுதான்.